லேசர் சில நொடி, சொட்டு மருந்து நான்கு மாதம்

"வானொலியில பேசுற பொண்ணுக்குக் கண்ணாடி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? யாரு பார்க்கப் போறா?"

கண்ணில் லேசர் சிகிச்சை செய்யச் சென்னைக்குப் போகிறேன் என்றதும் லாயாங் லாயாங்கில் ஆளுக்கு ஆள் கேட்ட கேள்வி இதுதான். கடைக்காரர் கேட்டார், பக்கத்து வீட்டு ஆயா கேட்டார், அம்மாகூட ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்விதான். என் பதிலும் நேரானதுதான்: ஹெட்போன்.

நான்கு மணி நேரம் நேரலையில் உட்கார்ந்து பாருங்கள். ஹெட்போன் காதை அழுத்தும். அதற்கும் காதுக்கும் நடுவில் கண்ணாடியின் காம்பு மாட்டிக்கொள்ளும். இரண்டாவது மணி நேரத்தில் காதுக்குப் பின்னால் வலிக்கத் தொடங்கும், மூன்றாவதில் தலைவலி வரும். காண்டாக்ட் லென்ஸ் போட்டால் குளிரூட்டிக் காற்றில் கண் வறண்டு, எழுதி வைத்த செய்திக் குறிப்பே மங்கும். இடைநிலைப் பள்ளியின் முதல் படிவத்தில் கண்ணாடி போட ஆரம்பித்தவள் நான். வலது கண் 475, இடது கண் 500. இருபது வருடம் பொறுத்தாயிற்று, போதும் என்று தோன்றியது.

என்னோடு சின்னம்மா மகனும் கிளம்பினான். வயது 24. கூலாயில் தங்கி, தினமும் விடியற்காலையில் மோட்டாரில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். மழை பெய்தால் ஹெல்மெட் கண்ணாடியும் மங்கும், மூக்குக் கண்ணாடியும் மங்கும். முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு நான்காகத் தெரியும் என்பான். என் காரணம் வசதி. அவனுடையது உயிர்.

ஏன் சென்னை என்று அடுத்த கேள்வி வரும். முதல் காரணம் பணம். அங்கே சொன்ன சிகிச்சைக் கட்டணம், இங்கே விசாரித்ததில் பாதிகூட இல்லை. ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து யாரும் டிக்கெட் எடுக்க வேண்டாம். விமானக் கட்டணம், தங்கும் இடம், சாப்பாடு, கூட வரும் ஆளின் செலவு, சம்பளமில்லாத விடுப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். நான் கூட்டியபோது மிச்சம் இருந்தது, ஆனால் முதலில் தெரிந்ததைவிட நிறையவே சுருங்கிப் போயிருந்தது. இந்த மாதிரிச் சிகிச்சையைப் பெரும்பாலான மருத்துவக் காப்புறுதிகள் ஏற்பதில்லை என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் நம்பிக்கை. கண் மருத்துவத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை செய்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. 1978-இல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் சென்னையில் சங்கர நேத்ராலயாவை நிறுவினார். பணம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே தரத்தில் சிகிச்சை என்ற எண்ணத்தோடு வளர்ந்தவை இவை. நான் போன மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எனக்குப் பொருந்தியது உங்களுக்கும் பொருந்தும் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதுதான் இந்தக் கட்டுரையின் சாரமே.

போவதற்கு முன் செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, காண்டாக்ட் லென்ஸை நிறுத்த வேண்டும். மென்லென்ஸ் என்றால் பரிசோதனைக்கு ஓரிரு வாரம் முன்பே, கடின லென்ஸ் என்றால் இன்னும் முன்பே. லென்ஸ் கண்ணின் வடிவத்தையே லேசாக மாற்றி வைத்திருக்கும், அப்படியே அளந்தால் கணக்கு தப்பும். இரண்டு, மருத்துவத்துக்கென்று இந்தியா தனி விசா தருகிறது, அதற்கு மருத்துவமனையின் கடிதம் வேண்டும். மூன்று, பழைய கண்ணாடிச் சீட்டுகள். கண்ணாடிக் கடையில் வருடா வருடம் தரும் அந்தச் சிறிய அட்டையை நாம் தூக்கி எறிந்துவிடுவோம். அம்மா பிஸ்கட் டின்னில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தார், என்னுடையதோடு சின்னம்மா கொடுத்துவிட்ட தம்பியுடையதையும் சேர்த்து. அந்த டின் எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி செய்தது என்று பிறகு சொல்கிறேன்.

பரிசோதனை அரை நாள் எடுத்தது. நம் ஊரில் 500 பவர் என்போம், அங்கே அதையே மைனஸ் ஐந்து என்கிறார்கள். நாம் தாதி என்பவரை அங்கே சிஸ்டர் என்று கூப்பிட வேண்டும். இந்த இரண்டையும் பழகிக்கொண்டால் மற்றதெல்லாம் நம் தமிழ்தான். கண் அழுத்தம், கண்ணீரின் அளவு, இருட்டில் கண்மணி எவ்வளவு விரிகிறது, சொட்டு மருந்து விட்டு விழித்திரை எப்படி இருக்கிறது என்று வரிசையாகப் பார்த்தார்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. கார்னியா என்ற, கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல் இருக்கும் படலத்தின் மேடு பள்ளத்தை வண்ணத்தில் காட்டும் வரைபடம். தட்டையான இடம் நீலம், சாதாரணம் பச்சை, செங்குத்தாக எழும் இடம் சிவப்பு. நில அளவையாளர் மலையை வரைவது போலத்தான்.

அந்த வரைபடத்தோடு இன்னொரு எண்ணும் வரும், கார்னியாவின் தடிமன். சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். லேசர் இந்தப் படலத்தைச் செதுக்கித்தான் பார்வையைச் சரி செய்கிறது. நம் கணக்கில் ஒவ்வொரு 100 பவருக்கும் ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரான் வரை செதுக்க வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த லாசிக் முறையில் முதலில் 100 முதல் 120 மைக்ரான் தடிமனில் ஒரு மெல்லிய மூடியைத் திறப்பார்கள். அடியில் செதுக்கிவிட்டு மூடியைத் திரும்ப மூடுவார்கள். செதுக்கிய பிறகு அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் கண்ணின் உள் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் படலம் நாளடைவில் முன்னால் பிதுங்கிவிடும்.

எனக்குத் தடிமன் 490. மருத்துவர் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். "லாசிக் செய்யலாம், கணக்கு இடிக்காது. ஆனா உங்க கண்ணு மெல்லிசு. மூடி திறக்காம மேல்பரப்புலயே செய்யுற பி.ஆர்.கே. முறை உங்களுக்குப் பாதுகாப்பு அதிகம். ரெண்டு மூணு நாள் வலி இருக்கும். பார்வை தெளிய வாரக்கணக்காகும். லாசிக் மாதிரி மறுநாளே எழுந்து ஓட முடியாது. யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

எட்டு நாளில் திரும்புவதாக டிக்கெட் எடுத்திருந்தேன். லாசிக் என்றால் போதும். பி.ஆர்.கே. என்றால் போதாது. வெளிநாட்டில் சிகிச்சை செய்கிறவர்களின் பெரிய சோதனை இதுதான் என்று நினைக்கிறேன். உள்ளூரில் இருந்தால் "சரி டாக்டர், அடுத்த மாசம் வரேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வரலாம். கடல் தாண்டி, செலவு செய்து, விடுப்பு எடுத்து வந்த பிறகு நம் வாயிலிருந்து "முடியாது", "நாளைக்கு" என்ற சொற்கள் எளிதில் வருவதில்லை. விமான டிக்கெட் நமக்காக முடிவெடுக்க ஆரம்பித்துவிடும். அன்றிரவு அம்மாவிடம் பேசினேன். "டிக்கெட்டை மாத்து. கண்ணை மாத்த முடியுமா?" என்றார். மறுநாள் டிக்கெட்டை மாற்றினேன்.

தம்பியின் முடிவு வேறு மாதிரி வந்தது. அவனுடைய வரைபடத்தில் இடது கண்ணின் கீழ்ப்பகுதியில் ஒரு சிவப்புத் திட்டு இருந்தது. மருத்துவர் பழைய சீட்டுகள் இருக்கிறதா என்று கேட்டார். பிஸ்கட் டின்னில் இருந்தவற்றை எடுத்து மேசையில் பரப்பினோம். மூன்று வருடமாக இடது கண்ணின் பவரும், சிலிண்டர் என்று எழுதியிருந்த எண்ணும் ஏறிக்கொண்டே வந்திருந்தன. மருத்துவர் அடுத்துக் கேட்ட கேள்வி எங்கள் இருவரையும் திகைக்க வைத்தது. "கண்ணைக் கசக்குவீங்களா தம்பி?"

அவன் கசக்காத நாளே இல்லை. சிறு வயதிலிருந்தே தூசு ஒவ்வாமை. முழங்கை விரலால் அல்ல, கை முட்டியை வைத்து அழுத்திக் கசக்குவான்.

கெரட்டோகோனஸ் என்ற நோயின் ஆரம்பம் அது. கார்னியா மெலிந்து கூம்பு போல் முன்னால் பிதுங்கும் நோய். பெரும்பாலும் பதின்ம வயதிலும் இருபதுகளிலும் வளரும். பரம்பரைக்கும் அதில் பங்குண்டு, கண்ணை அழுத்திக் கசக்கும் பழக்கத்துக்கும் பங்குண்டு. விளக்கு இரண்டு மூன்றாகத் தெரிவது அதன் அடையாளங்களில் ஒன்று. ஏற்கெனவே பலவீனமான அந்தப் படலத்தை லேசரால் மேலும் செதுக்கியிருந்தால் நோய் வேகமெடுத்திருக்கும். "உங்களுக்கு நான் லேசர் செய்ய மாட்டேன்" என்றார் மருத்துவர். வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் மருத்துவரை நம்பலாம் என்று அன்று எனக்குத் தோன்றியது. தம்பிக்கு மட்டும் முகம் விழுந்துவிட்டது. "அக்கா, ஆறு மாசமா காசு சேர்த்தேன்" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இந்த லேசரின் கதையை அவனைத் தேற்றுவதற்காகத்தான் அன்று மாலை சொன்னேன். உங்களுக்கும் சொல்லலாம். ரங்கசாமி சீனிவாசன் என்பவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1949, 1950-ஆம் ஆண்டுகளில் அறிவியல் பட்டங்கள் பெற்று அமெரிக்கா போனவர். நியூயார்க் மாநிலத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. எக்சைமர் லேசர் என்ற புற ஊதா ஒளிக்கதிரை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். 1981 நவம்பர் 27, அங்கே நன்றி நவிலும் நாள் விருந்துக்கு மறுநாள். வீட்டில் மிஞ்சிய வான்கோழியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் அதன் மேல் லேசரைப் பாய்ச்சினார். கதிர் பட்ட இடம் மட்டும் கத்தியால் வெட்டியது போல் அகன்றது. அருகிலிருந்த திசு கருகவில்லை. ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்ற இரு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர் கண்டுபிடித்த இதைத்தான், 1983-இல் ஸ்டீபன் டிரோக்கல் என்ற கண் மருத்துவரோடு இணைந்து கார்னியாவுக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். 2013-இல் அதிபர் ஒபாமா வெள்ளை மாளிகையில் அந்த மூவர் அணிக்குத் தேசியப் பதக்கம் வழங்கினார். சென்னையில் படித்தவர் கண்டுபிடித்தது உலகத்தைச் சுற்றித் திரும்பச் சென்னையிலேயே என் கண்ணுக்கு வரப் போகிறது என்றேன். தம்பி சிரித்தான். "வான்கோழிக்குச் செஞ்சாங்க, எனக்குச் செய்ய மாட்றாங்களே!"

என் சிகிச்சை நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டார்கள். கண் மூடாதபடி ஒரு கவ்வி வைத்தார்கள். மேல் தோலை மென்மையாக அகற்றினார்கள். வலி இல்லை, தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது போல் இருந்தது. மேலே மின்னும் விளக்கைப் பார்த்துக்கொண்டே இரு என்றார்கள். டக் டக் என்று சத்தம், முடி பொசுங்கியது போல் ஒரு வாடை. ஒரு கண்ணுக்கு லேசர் ஓடிய நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை. கண் லேசாக ஆடினாலும் இயந்திரம் பின்தொடர்ந்து சரி செய்துகொள்ளும். முடிந்ததும் கட்டுத்துணி போல ஒரு மெல்லிய லென்ஸை வைத்து அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகான மூன்று நாள்தான் உண்மையான சிகிச்சை. மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்தது போல் எரிச்சல், நிற்காத கண்ணீர். வெளிச்சமே ஆகாது. அறையின் திரைச்சீலையை மூடிவிட்டு நான் படுத்திருக்க, தம்பி அலாரம் வைத்து மணிக்கணக்குப்படி மருந்து விட்டான். கஞ்சி வாங்கி வந்தான். சிகிச்சை கிடைக்காமல் போனவன், கிடைத்தவளுக்குப் பணிவிடை செய்தான். துணைக்கு ஆள் இல்லாமல் வெளிநாட்டுக்குப் போய் இதைச் செய்யவே கூடாது என்று நான் சொல்வதற்கு அந்த மூன்று நாளே காரணம். ஐந்தாம் நாள் லென்ஸை எடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் ஊர் திரும்பினோம்.

பலர் நினைப்பது போல் அதோடு முடிவதில்லை. பி.ஆர்.கே. செய்தவர்களுக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து தருவார்கள், படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். எனக்கு நான்கு மாதம். அந்த மருந்து சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அளந்து பார்த்தால்தான் உண்டு. சென்னை மருத்துவர் வாரா வாரம் வா என்றால் போக முடியுமா? உள்ளூரில் ஒரு கண் மருத்துவரைத் தேடினேன். முதலில் கேட்ட ஓர் இடத்தில், வேறு நாட்டில் செய்த அறுவைக்கு நாங்கள் பொறுப்பேற்க மாட்டோம் என்று கைவிரித்தார்கள். அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் அதுவும் புரிகிறது. யாரோ செய்த வேலை, என்ன செய்தார்கள் என்ற தாள் இல்லாமல் யார் தொடுவார்? அடுத்துக் குளுவாங்கில் ஒரு மருத்துவரிடம் வரைபடம், தடிமன், செதுக்கிய அளவு, மருந்துப் பட்டியல் எல்லாம் அடங்கிய கோப்பைக் கொடுத்தேன். முழுதும் படித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். இரண்டாவது முறை பார்த்தபோது அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. மருந்தை மாற்றினார், இறங்கியது. பார்க்காமல் விட்டிருந்தால்? அந்தக் கேள்வியை நான் அதிகம் யோசிப்பதில்லை.

நம் வெயிலையும் சொல்ல வேண்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வாழ்கிறோம். மேல்பரப்பில் செய்த கண்ணில் புற ஊதாக் கதிர் அதிகம் பட்டால் புகைமூட்டம் போல் மங்கல் வரலாம். அதனால் மாதக்கணக்கில் கறுப்புக் கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றக் கடல் கடந்து போனவள் கறுப்புக் கண்ணாடியோடு சுற்றுவதைப் பார்த்துக் கடைத்தெருவே சிரித்தது. ஒலிபரப்புக் கூடத்தில் இன்றும் செயற்கைக் கண்ணீர் பாட்டில் ஒன்று என் மேசையில் இருக்கிறது. கண் வறட்சி குறைந்திருக்கிறது, போகவில்லை. ஆனால் ஹெட்போன் வலி போய்விட்டது. காலையில் எழுந்ததும் சுவர்க் கடிகாரம் தெரிகிறது. ஜன்னலுக்கு வெளியே செம்பனை மட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. எனக்கு அது போதும்.

நீங்களும் யோசித்துக்கொண்டிருந்தால், மருத்துவரிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். என் கார்னியாவின் தடிமன் எவ்வளவு? செதுக்கிய பிறகு எவ்வளவு மிஞ்சும்? ஏன் எனக்கு இந்த முறை, ஏன் மற்றது இல்லை? பவர் கொஞ்சம் திரும்ப வந்தால் மறுசிகிச்சை உண்டா, அதற்குப் பணம் யார் தருவது? என் முழுக் கோப்பின் நகல் கையில் கிடைக்குமா? ஊரில் என்னைத் தொடர்ந்து பார்க்கப் போகிறவர் யார்? கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகே டிக்கெட் எடுங்கள். திரும்பும் தேதியை மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். நாற்பதை நெருங்குகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வயதானால் பத்திரிகை படிக்கக் கண்ணாடி தேவைப்படுவது வேறு விஷயம். லேசர் அதைத் தடுக்காது. எனக்கும் ஒரு நாள் வரும்.

தம்பிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சில மாதம் கழித்து இங்கேயே மறுபடி வரைபடம் எடுத்தோம். சிவப்புத் திட்டு கொஞ்சம் பெரிதாகியிருந்தது. கிராஸ்லிங்கிங் என்ற சிகிச்சையைச் செய்தார்கள். ரைபோஃபிளேவின், அதாவது பி2 வைட்டமின் சொட்டு மருந்தைக் கண்ணில் ஊறவைத்து, புற ஊதா ஒளியைக் காட்டி, தளர்ந்த படலத்தை இறுக்கும் முறை. இழந்த பார்வையை முழுதாகத் திரும்பக் கொடுப்பதல்ல அது, இதற்கு மேல் போகாமல் நிறுத்துவது. இதை உள்ளூரிலேயே செய்தோம். வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய கண் அது, பக்கத்தில் இருக்கும் மருத்துவர்தான் அதற்குச் சரி. கடைசியாக எடுத்த இரண்டு வரைபடங்களிலும் திட்டு அப்படியே நிற்கிறது. கண்ணாடியோடுதான் பாலத்தைக் கடக்கிறான். ஆனால் மோட்டாரில் இல்லை, பேருந்தில்.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு வருடா வருடம் கண்ணாடி மாற வேண்டியிருக்கிறதா? படிக்கும்போதும் படம் பார்க்கும்போதும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறதா? "கைப்பேசி அதிகமா பார்க்கிறே" என்று திட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். கண்ணாடிக் கடையோடும் நின்றுவிடாதீர்கள். ஒரு கண் மருத்துவரிடம் கூட்டிப்போய், கார்னியா வரைபடம் ஒன்று எடுக்கலாமா என்று கேளுங்கள். பழைய சீட்டுகளை மறக்காமல் எடுத்துப் போங்கள். எங்கள் சின்னம்மா இப்போது அவற்றைத் தன் வீட்டிலேயே தேதி வாரியாக அடுக்கி வைக்கிறார், தனியாக ஒரு டின் வாங்கி.